பெரிய வளைவுக்காகப் பேசப் போனவன்

வாரம் முழுக்கக் கார் சீட்டுகளுக்கு உறை தைப்பவள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தன் கடையில் தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, பழுதுக்கு வந்த சீட்டுகளை டிவிக்கு எதிரே வரிசையாகப் போடுவாள். கார் பந்தயம் பார்க்க வெல்டர் வருவார், பள்ளி வேன் ஓட்டுபவர் வருவார், டயர் கடையில் வேலை பார்க்கும் அவள் கொழுந்தன் வருவான். அவள் கணவருக்குப் பந்தயச் சத்தம் தாலாட்டு. பின் சீட்டில் சாய்ந்ததும் குறட்டை கிளம்பும்.

பந்தயம் முடிந்ததும் வாய்ச்சண்டை ஆரம்பிக்கும். அதற்கு அவள் வைத்த விதி ஒன்று உண்டு. வெளியாரிடம் பேச வேண்டி வந்தால், கடைசிவரை எதிர்த்து நின்று, பிறகு ஒத்துக்கொண்டவர்தான் எல்லோர் சார்பிலும் போய்ப் பேச வேண்டும். எதிராளி என்ன கேட்பான் என்பது அவருக்குத்தானே அத்துப்படி. டிக்கெட் குளறுபடி, குடிதண்ணீர்க் குழாய் என்று எத்தனையோ புகாரில் அந்த விதி அவர்களைக் கைவிட்டதில்லை.

அந்த வருடம் ஊருக்கு வெளியே இருந்த பந்தயத் தடத்தின் பெரிய வளைவுக்கே ஆபத்து வந்தது. பந்தயத்தை நடத்தும் கம்பெனி, அதை உடைத்து இரண்டு மெதுவான வளைவுகளாக்கப் பார்த்தது. பந்தய விதிகளை வகுக்கும் சம்மேளனமோ, தடத்தில் கை வைக்க நீ யார் என்று மல்லுக்கு நின்றது. கடைசியில், உள்ளூர் ரசிகர்கள் என்ன சொல்கிறார்களோ அதற்குக் கட்டுப்படுவதாக இரு தரப்பும் ஒத்துக்கொண்டு, கூட்டத்தில் வந்து பேச இவர்கள் குழுவிலிருந்து ஒரு ஆளைக் கேட்டன.

அவளுக்கு அந்த வளைவு உயிர். அதன் வெளிப்பக்க மேட்டில் நின்றுதான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பந்தயம் பார்க்கிறாள். ஓட்டுபவன் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தானா இல்லையா என்று கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே சொல்வாள்.

"அண்ணி, அங்க யாரும் யாரையும் முந்தினதே இல்ல," என்றான் கொழுந்தன். "ரயில் பெட்டி மாதிரி ஒண்ணு பின்னால ஒண்ணு போறத என்னத்தப் பாக்குறது?"

"முந்துறதப் பாக்கணும்னா பஸ் ஸ்டாண்டுக்குப் போ."

"வேகம் ஜாஸ்தி. ஆபத்து வேற."

"வெளியில சரளைக்கல்ல அகலமாக் கொட்டச் சொல்லு. செருப்பு கடிச்சா செருப்ப மாத்துவியா, கால வெட்டுவியா?"

"விட்டுடுடா தம்பி," என்றார் வெல்டர். "இதுக்கு மேல பேசினா உங்கண்ணி உன்னையும் சீட்டோட சேத்துத் தைச்சிடும்."

வெகுநேரம் இழுத்துப் பார்த்துவிட்டு அவன் இரண்டு கைகளையும் தூக்கினான். "சரி அண்ணி, வளைவு இருக்கட்டும்."

விதிப்படி அவனையே அனுப்பினார்கள். சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்ததும் அவள்தான்.

கூட்டத்தை டிவியில் காட்டினார்கள். கொழுந்தன் மைக்கைப் பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டான். "நாங்க எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டோம். ரசிகர்களுக்கு முந்துற பந்தயம் வேணும். வளைவ மாத்துங்க. எங்க குழுவுலயே பழைய ரசிகை எங்கண்ணி. அவங்களே ஒத்துக்கிட்டாங்க."

கம்பெனி ஆட்கள் கைதட்டினார்கள்.

"வாய் குழறிடுச்சோ?" என்றார் வேன்காரர்.

"குழறலய்யா. கூட இருந்தே குழி பறிச்சிட்டான்," என்றார் வெல்டர்.

அவள் டிவியை அணைக்கவில்லை. 'எங்கண்ணி' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டாள். வீட்டுக்குள் கூப்பிட வைத்திருந்த உறவை அவன் சாட்சிக்கூண்டில் ஏற்றிவிட்டான்.

சாயங்காலம் அவனே வந்தான். கழுத்தில் கம்பெனியின் அடையாள அட்டை தொங்கியது.

"உன்ன என்ன சொல்லி அனுப்பினோம்?"

"நான் மனசு மாறவே இல்ல அண்ணி. நீங்க விடுற மாதிரி தெரியல. அதான் சரின்னேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வேற ஆள அனுப்பியிருப்பீங்க." அட்டையைத் தடவிக்கொண்டான். "இப்ப ஆலோசனைக் குழுவுல என்னையும் சேத்திருக்காங்க. இனி நம்ம குரல் உள்ளயே கேக்கும்."

"உன் குரல்னு சொல்லு."

அவன் நின்று பார்த்துவிட்டுப் போனான். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

அந்தத் தடத்தில் அடுத்த பந்தயம் வருவதற்குள் வளைவை உடைத்துவிட்டார்கள். மேடு இருந்த இடத்தில் இருக்கைகள் எழும்பியிருந்தன. அவள் போகவில்லை, கடையிலேயே டிவி போட்டாள். பந்தயம் சூடு பிடித்த நேரம், பின்னால் வந்த வண்டி ஒன்று புது வளைவில் உள்பக்கமாகப் பாய்ந்து முந்தியது. வெல்டர் துள்ளி எழுந்தார். பிறகு தப்புச் செய்தவர்போல் மெல்ல உட்கார்ந்தார். தன் கையும் மடங்கி இறுகியிருப்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

கணவரின் போன் அடித்தது. தூக்கக் கலக்கத்தோடு எடுத்தவர் போனைக் கையால் மூடிக்கொண்டு, "தம்பிதான். பாத்தியான்னு கேக்குறான்," என்றார்.

"பாத்தேன். முந்தினது நல்லா இருந்துச்சு. ஆனா அத நானே சொல்லிக்குவேன், எனக்காக அவன் எங்கயும் பேச வேண்டாம். இத அப்படியே சொல்லுங்க."

அவர் தலையாட்டிவிட்டுப் போனைக் காதில் வைத்தார். "உங்கண்ணிக்கு ரொம்பப் பிடிச்சிருக்காம்டா," என்றார். வைத்துவிட்டு, மறுபடி சாய்ந்துகொண்டார்.

வெல்டரும் வேன்காரரும் அவள் முகத்தைப் பார்க்காமல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.