செவ்வாய்க்கிழமை எடுத்த பிடி அரிசி

தொண்ணூறுகளின் கடைசியில், மழை இரண்டு வருடம் தொடர்ந்து ஏமாற்றிய சமயம் அது. விளாத்திகுளத்துக்கு மேற்கே, பஸ் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். அந்த வருடம் பருத்தி காய்க்கவில்லை. மிளகாய்ச் செடி முழங்கால் உயரம்கூட வராமல் கருகிப்போனது. ஊரில் முக்கால்வாசிப் பேர் வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம் போட்டும், கோவில்பட்டிக் கம்பெனிகளுக்குத் தீப்பெட்டி ஒட்டியும்தான் அடுப்பெரித்தார்கள்.

நானும் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுகிறவள்தான். படித்தது பத்தாம் வகுப்பு. அந்த வேலை எனக்குப் பிடித்ததற்கு ஒரே காரணம், அதில் யாரிடமும் பேச வேண்டியதில்லை. எனக்கு அப்படி ஒரு கூச்சம். பஸ்ஸில் கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்கக்கூட வாய் வராது. பக்கத்தில் யாராவது எங்கள் ஊரைச் சொல்லும்வரை காத்திருந்து, "எனக்கும்" என்று சொல்லி வாங்கிவிடுவேன்.

அந்தப் பஞ்சத்தில், எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்காக ஒரு சின்ன தொண்டு சங்கம் வேலை செய்தது. வெளியூர்ப் பணம் எதுவும் அவர்களுக்கு வரவில்லை. அவர்கள் கண்டுபிடித்த வழி பிடி அரிசி. கொடுக்க முடிந்த ஒவ்வொரு வீட்டுக்கும் மூடி போட்ட ஒரு சின்ன டின் கொடுத்தார்கள். உலை வைக்க அரிசி எடுக்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு பிடியை டின்னில் போட்டுவிட வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருவுக்கு ஒருவர் போய் அதை வாங்கி வருவார். சனிக்கிழமை சங்கத்தில் எல்லாவற்றையும் கொட்டிப் புடைத்து, கொஞ்சம் பருப்பும் சேர்த்து, கையில் ஒன்றும் இல்லாத வீடுகளுக்குப் பையில் போட்டுக் கொடுப்பார்கள். ரேஷன் அரிசி, கடை அரிசி, குருணை எல்லாம் கலந்திருக்கும். வெந்தால் பாதி குழையும், பாதி விறைத்து நிற்கும். ஆனாலும் பசி ஆறும்.

எங்கள் தெருவுக்கு என்னைப் போட்டுவிட்டார்கள். சங்கத்து அக்கா வீட்டுக்கே வந்து கேட்டார். மறுத்துச் சொல்லவும் பேச வேண்டுமே, தலையை ஆட்டிவிட்டேன். அவர் போனதும் என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல், "நீ வீடு வீடாப் போயி கேக்கப் போறியா? ஒனக்கு ஒரு வாய்த் தண்ணி கேக்கவே மூணு நாளாகுமே!" என்றார்.

அவர் சொன்ன மாதிரிதான் ஆனது. முதல் வெள்ளிக்கிழமை ஒரு கையில் பெரிய தகர டின்னும் மறு கையில் உழக்குமாக முதல் வீட்டு வாசலில் போய் நின்றேன். கூப்பிட வாய் வரவில்லை. அடுத்த வீட்டுக்குப் போகவும் கால் வரவில்லை. அந்த வீட்டுக்காரி அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்ட வெளியே வந்தவள், என் மேலேயே கொட்டப் பார்த்தாள்.

"ஆத்தீ! ஏட்டி, சொவரு மாதிரி நிக்குத! வாயில என்ன கொழுக்கட்டையா?"

நான் பதறி விலகியதில் உழக்கு டின்னில் இடித்து, டங் என்று ஒரு சத்தம் வந்தது. உடனே அவளுக்கு விஷயம் புரிந்து, உள்ளே போய் டின்னை எடுத்து வந்தாள். எனக்கோ பெரிய விடுதலை கிடைத்த மாதிரி இருந்தது. அடுத்த வீட்டு வாசலில் நானாகவே உழக்கால் டின்னை இரண்டு தட்டு தட்டினேன். ஆள் வந்தது. அன்றிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் தெரு முழுக்க அரிசி வாங்கினேன். சாயங்காலம் அந்தச் சத்தம் கேட்டால் பெண்கள் டின்னோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் சங்கத்திலிருந்து அரிசி போனது. என் வீட்டிலிருந்து ஆறாவது வீடு. புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். ஒரு காலத்தில் நூறு ஆட்டுக்கு மேல் வைத்திருந்தவர்கள். எங்கள் பக்கம் அறுப்பு முடிந்த புஞ்சையில் ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போடுவார்கள். ஆட்டுப் புழுக்கை நிலத்துக்கு உரம். அதற்குக் கூலியாக நிலத்துக்காரச் சம்சாரிகள் தானியம் அளந்து கொடுப்பார்கள். அந்தப் பஞ்சத்தில் பாதி ஆடு சீக்கில் போனது. மீதியை மேய்ச்சல் இல்லாமல் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த அண்ணாச்சி ஆட்டுக்குக் குழை வெட்ட மரத்தில் ஏறி விழுந்ததில் பாதம் திரும்பிக்கொண்டது. அந்த மதினிக்கு முழங்கால் வீக்கம், மூட்டம் போடும் வேலைக்குத் தினமும் போக முடியாது.

அவர்கள் வீட்டு வாசலில் நான் உழக்கைத் தட்டுவதில்லை. நாமே அரிசி கொடுக்கிற வீட்டில் போய் அரிசி கேட்பதா? அது அவர்களைக் குத்திக் காட்டுகிற மாதிரி ஆகிவிடாதா? ஐந்தாவது வீடு முடிந்ததும் உழக்குக்குள் விரலை விட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அந்த வாசலைத் தாண்டி, ஏழாவது வீட்டில் போய்த் தட்டுவேன். சனிக்கிழமை அவர்களுக்குரிய பையைக் கொண்டுவந்து கதவுநிலையில் இருக்கும் ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன். என்னைப் பார்த்து அவர்கள் கூசக் கூடாது என்றுதான். இப்படிச் செய்யச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாகத்தான் செய்தேன். அதில் எனக்கு ரகசியமாகக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இப்படி ஒன்பது வெள்ளிக்கிழமை போனது.

அந்த வாரம் சனிக்கிழமை பையை மாட்டிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தால், அதே பை என் வீட்டு நிலையில் தொங்குகிறது. கட்டுகூட அவிழ்க்கவில்லை. அரிசியில் கல் கிடந்ததோ, பருப்பு உளுத்திருந்ததோ என்று ஏதேதோ நினைத்தேன். போய்க் கேட்கத் தைரியம் இல்லை. அன்று சாயங்காலம் அவர்கள் கதவு சாத்தியிருந்த நேரம் பார்த்துத் திரும்பவும் கொண்டுபோய் மாட்டினேன். திங்கட்கிழமை காலையில் பை மறுபடி என் வீட்டு வாசலில்.

அவர்கள் வீட்டுக் கூரையில் புகை வருகிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன். திங்கட்கிழமை முழுக்க வரவில்லை. தீப்பெட்டி ஒட்டும் கை அப்படியே நின்றுவிடும். எழுந்து வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பேன். செவ்வாய்க்கிழமை காலையிலும் புகை இல்லை.

அன்று நல்லவேளையாகச் சங்கத்து அக்கா தன் மொபெட்டில் எங்கள் ஊர்ப் பக்கம் வந்தார். ஓடிப்போய் நிறுத்திப் பையைக் காட்டினேன்.

"நீ போயி என்னன்னு கேளு" என்றார்.

"எனக்குப் பேச வராதுக்கா. நீங்க வாங்க."

"நான் வந்தா ஆபீஸ்காரி விசாரிக்க வந்த மாதிரி இருக்கும். அவிய பைய என் வீட்டுலயா கொண்டாந்து மாட்டுனாவ? ஒன் வீட்டுலல்லா மாட்டிருக்காவ."

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டார்.

வேறு வழி இல்லாமல் போனேன். அண்ணாச்சி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வா தாயி" என்றார். மதினி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத்தான் வாய் உண்டு.

"வந்துட்டியா? இன்னைக்கி எப்படி எங்க வீட்டு வாசல் கண்ணுக்குத் தெரிஞ்சிச்சு?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஏட்டி, நான் தெரியாமத்தான் கேக்கேன். மேல வீட்டுல தட்டுத. கீழ வீட்டுல தட்டுத. எங்க வாசலுக்கு வந்ததும் அந்த உழக்குக்கு உசுரு போயிருமோ?"

அண்ணாச்சி, "விடு" என்றார். அவள் விடவில்லை. கையை ஊன்றி மெல்ல எழுந்து, அடுப்புக்குப் பக்கத்திலிருந்து ஒரு மண் கலயத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். மூடியிருந்த தேங்காய்ச் சிரட்டையை எடுத்தாள். உள்ளே அரிசி. நான் கொண்டுவந்து மாட்டிய அதே கலப்பு அரிசி. ஓரத்தில் வண்டு ஊர்ந்தது.

"மொத வாரத்துலேருந்து உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துப் போட்டேன். எங்களுக்கு டின்னு தரல, சரி, கலயம் இருக்குல்லா. வெள்ளிக்கெழம ஆனா இத மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பேன். டங்கு டங்குன்னு சத்தம் வரும், அஞ்சாவது வீட்டோட நிக்கும். நீ தாண்டிப் போற செருப்புச் சத்தம் மட்டும் கேக்கும். இவியளும் கட்டில்ல கேட்டுட்டுத்தான் கெடந்தாவ. ஒம்பது வாரம் பாத்தாச்சு. எங்கட்ட ஒரு பிடி வாங்க மாட்டாத ஊரு அரிசி எங்களுக்கு எதுக்கு?"

நான் தரையைப் பார்த்தேன். குத்திக்காட்டக் கூடாது என்று நினைத்து நான் ஒன்பது வாரமும் குத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது இவ்வளவுதான்: "வெள்ளிக்கெழம வாரேன் மதினி."

"வா. அதுவரைக்கும் பை ஒங்க வீட்டுலயே தொங்கட்டும்."

வாசலுக்கு வந்த பிறகுதான் அந்த அடுப்பு கண்ணுக்குள் வந்தது. சாம்பல் வழித்துச் சுத்தமாகக் கிடந்தது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். அந்த மூன்று நாளும் இவர்கள் என்ன செய்வார்கள்?

வீட்டுக்கு ஓடினேன். தகர டின்னையும் உழக்கையும் எடுத்தேன். தொங்கிக்கொண்டிருந்த பையைத் தோளில் மாட்டினேன். உச்சி வெயிலில் அவர்கள் வாசலுக்கு நேராக நின்று டின்னைத் தட்டினேன். இரண்டு தட்டு இல்லை, பத்துத் தட்டாவது இருக்கும். போதாது என்று தோன்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆயுளில் முதல் தடவையாகத் தெருவில் நின்று சத்தம் போட்டேன்.

"மதினீ! பிடி அரிசிக்கு வந்திருக்கேன்!"

தெருவே வெளியே வந்துவிட்டது. என்மேல் கழுநீரைக் கொட்டப் பார்த்தவள், ஈரக்கையோடு ஓடிவந்தாள். "ஏட்டி, தீப்பெட்டிப் பசைய எடுத்துக் குடிச்சிட்டியா? இன்னைக்கிச் செவ்வாக்கெழமைல்லா!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் தீப்பிடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

மதினி கலயத்தோடு வந்தாள். சிரிக்கவும் இல்லை, கோபமாகவும் இல்லை. என் கையிலிருந்த உழக்கை வாங்கி, கலயத்து அரிசியை அதில் எடுத்து, மேலே விரலால் வழித்துச் சமமாக்கப் போனாள்.

உள்ளேயிருந்து அண்ணாச்சி குரல் வந்தது. "வழிக்காத! கோபுரமா அள. நம்ம கிடைக்கு அளந்தவிய வழிச்சா அளந்தாவ?"

கோபுரமாகவே அளந்தாள். உழக்கில் குவித்துக் குவித்து, சிந்தாமல் என் டின்னில் கொட்டினாள். கலயத்தைக் கவிழ்த்து அடியைத் தட்டினாள். "வண்டு கெடக்கு. வெயில்ல போட்டுப் பொடைச்சுக்கிடச் சொல்லு" என்றாள். இதைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் மூன்று பேர் உள்ளே போய்த் தங்கள் டின்னில் நாலு நாளில் சேர்ந்ததை எடுத்துவந்து, "வந்தது வந்துட்ட, இதையும் கொண்டுபோ" என்று போட்டார்கள்.

பிறகு தோளில் இருந்த பையை எடுத்தேன். ஆணியில் மாட்டவில்லை. மதினியின் கையில் கொடுத்தேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள். "வேத்து வடியுது பாரு, உள்ள வந்து தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றாள். குடித்தேன். நான் வீடு வந்து பசை காய்ந்த கையைக் கழுவி நிமிரும்போது, ஆறாவது வீட்டுக் கூரையில் புகை வந்துகொண்டிருந்தது. அன்று மத்தியானம் எனக்கும் சோறு நன்றாக இறங்கியது.

சங்கத்திலிருந்து அவர்களுக்கும் மூடி போட்ட டின் வந்தது. மதினி அதில் உப்பு போட்டு வைத்துக்கொண்டு, பிடி அரிசிக்குக் கலயத்தையேதான் கடைசிவரை வைத்திருந்தாள். நானும் வெள்ளிக்கிழமை தோறும் முதலில் அந்த வாசலில் போய்த் தட்டிவிட்டுத்தான் மற்ற வீடுகளுக்குப் போவேன். நான் கொஞ்சம் தாமதித்தால், "ஏட்டி, உழக்கு இன்னைக்கி லீவா?" என்று அங்கிருந்து சத்தம் வரும்.

அடுத்த வருடம் நல்ல மழை. அண்ணாச்சி ஒருவரிடம், பிறக்கும் குட்டியில் பாதிப் பங்கு என்ற பேச்சில், இரண்டு ஆடு பிடித்து வளர்த்தார். அவை குட்டி போட்டதும், தங்களுக்கு இனி பை வேண்டாம், வேறு வீட்டுக்குக் கொடுங்கள் என்று என்னிடம் சொல்லி அனுப்பினார். இந்தத் தடவை யாருக்கும் அதில் வருத்தம் இல்லை. பைதான் நின்றது. கலயத்து அரிசி நிற்கவில்லை.

எனக்குக் கூச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. பஸ்ஸில் மட்டும் இப்போது நானே ஊர்ப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்குகிறேன். ஒரு வீட்டுக்கு எதையாவது கொடுக்கப் போகிற நாட்களில், திரும்பும் முன் அந்த வீட்டில் ஒரு செம்புத் தண்ணீராவது கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வருகிறேன். பரிதாபப்பட்டு ஒரு வாசலைத் தாண்டிப் போனாலும் மதிக்காமல் தாண்டிப் போனாலும், உள்ளே காத்திருப்பவர் காதில் விழுவது ஒரே செருப்புச் சத்தம்தான் என்பதை அந்த மதினியின் கலயம் எனக்கு இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது.