முதுநகர் என்று நிரப்பிய கட்டம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஜூலை 11, வியாழக்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்து, முந்தைய நாளின் குறிப்பை டைரியில் எழுதினேன். இரவில் எழுதினால் தூக்கக் கலக்கத்தில் ஏதாவது விட்டுப்போகும் என்பதால் மறுநாள் காலையில் எழுதுவதே என் வழக்கம். சில்வர் பீச் வரை நடந்துவிட்டு வந்து, குளித்து, நான்கு இட்லி சாப்பிட்டு, எட்டு நாற்பதுக்குக் கடைக்குப் போனேன்.

திருப்பாதிரிப்புலியூரில் போஸ்டரும் ஃபிளெக்ஸும் அச்சடித்துத் தரும் கடை என்னுடையது. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாம் வரும். ஆனால் வாரம் தவறாமல் வருவது கண்ணீர் அஞ்சலிதான். அதற்குக் கடையில் ஒரு விதி வைத்திருந்தேன். சாவு போஸ்டர் காத்திருக்கக் கூடாது. போஸ்டர் ஒட்டுபவரிடம் ஒரு சாவி இருக்கும். அவர் விடிவதற்குள் வந்து ஆர்டர் நோட்டைப் பார்ப்பார். கண்ணீர் அஞ்சலி என்றிருந்தால், ‘ஒட்ட வேண்டிய இடம்’ என்ற கட்டத்தைப் படித்துவிட்டு, என்னைக் கேட்காமலே போஸ்டர் கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். முதல் போஸ்டர் இறந்தவர் வீட்டுச் சுவரில். மற்றவை தெருமுனையிலும் டீக்கடையிலும் பஸ் நிறுத்தத்திலும்.

அன்று அவர் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

“முதுநகர் முடிஞ்சிது சார். இருவதும் ஒட்டிட்டேன். நம்ம ஊரு மனுசனாச்சே, ஒரு சுருக்கம் இல்லாம ஒட்டினேன். வூட்ல ஒரு சத்தத்தையும் காணும். பாடி மெட்ராஸ்லேந்து இன்னும் வரல போல.”

நான் ஆர்டர் நோட்டைத் திறந்து பார்த்தேன்.

முந்தைய நாள் மாலை, சிதம்பரத்தில் படப்பிடிப்பு நடக்கும் ஒரு டிவி சீரியலிலிருந்து ஒருவர் வந்திருந்தார். கதையில் அப்பா இறந்துபோகிறார், அந்தக் காட்சியில் தெருச் சுவர்களில் ஒட்ட இருபது போஸ்டர் வேண்டும், நாளை மதியம் ஆள் வந்து எடுத்துக்கொள்ளும் என்றார். அந்த அப்பாவாக நடித்தவர் கடலூர் முதுநகரில் பிறந்தவர். ஆறு வருடமாக அந்த சீரியல் ஓடியதில் எங்கள் ஊரில் அவருடைய சொந்தப் பெயரே மறந்துபோய், சீரியல் பெயர்தான் நிலைத்திருந்தது. போஸ்டரிலும் அந்தப் பெயர்தான்.

“டெலிகாஸ்ட் ஆகற வரைக்கும் வெளிய தெரியக் கூடாது சார், உங்க ஆளுங்களுக்குக்கூட” என்று வந்தவர் இரண்டு முறை சொன்னார். வாக்குக் கொடுத்தேன். அதனால் நோட்டில் படப்பிடிப்பு என்று எழுதவில்லை. ஒட்டுபவரிடமும் சொல்லவில்லை. ஆனால் ‘ஒட்ட வேண்டிய இடம்’ காலியாக இருந்தது. அவர்களே ஒட்டிக்கொள்ளப் போவதால் அதில் எழுத ஒன்றும் இல்லை. காலிக் கட்டத்தோடு ஒரு பக்கத்தை மூடி எனக்குப் பழக்கமில்லை. அவர் முதுநகர்க்காரர்தானே என்று, ‘முதுநகர்’ என எழுதி நிரப்பிவிட்டு, அச்சடித்த இருபதையும் கட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஒட்டுபவரை உடனே போய் எல்லாவற்றையும் கிழிக்கச் சொல்லிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு முதுநகர் போனேன். அந்த வீட்டில் இருந்தது நடிகரின் அக்கா. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி சினிமா என்று மெட்ராஸ் போன நாளிலிருந்து, அவர் கூட்டத்தில் ஒருவராக நின்ற காலத்திலும், இரண்டு வரி வசனத்துக்காகப் போலீஸ் உடுப்பு மாட்டிய காலத்திலும், வாடகைக்குப் பணம் அனுப்பியது இந்த அக்காதான். இரண்டு மாதத்துக்கு முன் புதுச்சேரியில் அக்காவுக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். இதெல்லாம் வாசலில் நின்ற பக்கத்து வீட்டுப் பெண் அழுதுகொண்டே சொல்லித் தெரிந்துகொண்டது. காலையில் கோலம் போட வெளியே வந்த அக்கா, தன் வீட்டுச் சுவரிலேயே தம்பியின் படத்தைப் பார்த்திருக்கிறார்.

நான் போனபோது தெருவில் முப்பது பேராவது இருந்தார்கள். யாரோ நாற்காலிகளை இறக்கிப் போட்டிருந்தார்கள். ஐஸ் பெட்டியை ஏற்றிய வேன் ஒன்று வாசலை மறித்து நின்றது.

“பெட்டிய எங்க எறக்கறதும்மா?” என்று டிரைவர் கேட்டார்.

“எறக்காத. வண்டியிலயே இருக்கட்டும்.”

அது அந்த அக்காவின் குரல். கூடத்தில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரும் மாத்திரைப் பட்டையும் அப்படியே இருந்தன. ஒரு பெண் அவர் கையைப் பிடித்து, “போட்டுக்கக்கா, நெஞ்சு வலிக்கிதுன்னியே” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

நான் யார் என்பதையும், என்ன தவறு செய்தேன் என்பதையும் நின்றபடியே சொன்னேன். முழுவதையும் கேட்டார்.

“நீ சொல்றத நான் எப்பிடி நம்புறது தம்பி? முப்பத்தஞ்சு வருசம் வார்டுல நின்னவ நான். பொணத்த வெளிய எடுத்துக்கினு போவாங்க, சொந்தக்காரங்ககிட்ட ஒண்ணும் இல்ல, ஐசியூல இருக்காருன்னு சொல்லுவோம். நானே சொல்லியிருக்கேன்.”

“சத்தியமா சூட்டிங்குக்காக அடிச்சதும்மா.”

“அப்ப போன எடுக்கச் சொல்லு.”

காலையிலிருந்து எல்லோரும் நடிகரின் எண்ணை அழைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. போஸ்டர் கேட்டு வந்தவரின் எண்ணும் அப்படியே. காட்சி வெளியே கசியக் கூடாது என்று படப்பிடிப்பில் எல்லோருடைய போனையும் வாங்கி வைத்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில், அணைந்து கிடந்த இரண்டு போன்களும் என்னைப் பொய்யன் என்றே காட்டின.

“அவன் கொரல கேக்க வை. அப்புறம்தான் மாத்திர” என்றார்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் எண்ணை வாங்கிக்கொண்டு, ஒன்பது இருபதுக்குச் சிதம்பரம் கிளம்பினேன். செம்மங்குப்பத்தில் ரசாயன நெடி மூக்கில் ஏறியது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் கண்ணில் படாமலே போயின. பையில் இருந்த போன் எந்த நிமிடமும் அடிக்கலாம், அடித்தால் என்ன செய்தியாக இருக்கும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. ஒரு கண்ணீர் அஞ்சலியை மனசுக்குள் நானே அச்சுக் கோர்த்துக்கொண்டு போனேன். அதில் இருந்தது அந்த அக்காவின் படம்.

சிதம்பரம் பைபாஸைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு பெரிய வீட்டில் படப்பிடிப்பு. வாசலில் ஒருவர் கையை நீட்டித் தடுத்தார்.

“உள்ள சாவு சீன் போவுது. யாரும் போவக் கூடாது.”

“அப்பாவா நடிக்கிறவரு அவரு ஊர்ல நெசமாவே செத்துட்டாரு சார். அவுங்க அக்கா நெஞ்சு வலியோட உக்காந்திருக்காங்க. விடுங்க” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

கூடத்தின் நடுவே ஐஸ் பெட்டி. முதுநகரில் வேனில் பார்த்த அதே மாதிரி. அதற்குள் நடிகர் படுத்திருந்தார். கழுத்தில் மாலை, மூக்கில் பஞ்சு, தாடையைச் சுற்றித் துணி. சுற்றிலும் பெண்கள் கதறிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் நடிப்பு என்று தெரிந்தும், அந்த ஒரு நொடி நான் தாமதமாக வந்துவிட்டதாகவே நினைத்தேன். வாசலில் நின்றவர் இயக்குநரின் காதில் ஏதோ சொன்னார். அழுகை ஒரே நேரத்தில் நின்றது. பெட்டியின் மூடியைத் திறந்தார்கள். அவர் எழுந்து உட்கார்ந்து தாடைத் துணியை அவிழ்த்தார்.

நான் சொன்னதைக் கேட்டு அவர் கோபப்படவில்லை. கையை மட்டும் நீட்டினார். என் போனில் பக்கத்து வீட்டு எண்ணை அழைத்துக் கொடுத்தேன். வீடியோவில் பேசுங்கள் என்று பக்கத்தில் நின்ற யாரோ சொன்னதற்கு, தன் மாலையைத் தொட்டுக் காட்டி வேண்டாம் என்று தலையாட்டினார்.

“அக்கா.”

போனின் ஸ்பீக்கரைப் போட்டிருந்தேன். அதில் அக்காவின் குரல் வந்தது.

“எங்க இருக்க?”

“சிதம்பரத்துல.”

“என்னா கொரல் ஒரு மாதிரி இருக்கு? மூக்கடைப்பா?”

அவர் மூக்கிலிருந்த பஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

“சளிக்கா. மாத்திர போட்டியா?”

“இல்ல.”

“போடு. நான் லைன்லயே இருக்கேன்.”

டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்கும்வரை அவர் போனைக் காதருகே பிடித்தபடி பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தார். அழுது நடித்த பெண்களில் இரண்டு பேர் இப்போது நிஜமாகவே அழுதார்கள்.

இன்னும் ஒரு ஷாட் பாக்கி இருந்தது. இன்று போதும் என்று இயக்குநர் சொல்லியும் அவர் கேட்கவில்லை. “முடிச்சிடலாம் சார், மறுபடி ஒரு தடவ என்னைப் படுக்க வைக்காதீங்க” என்று சொல்லி, புதுப் பஞ்சு வாங்கிச் செருகிக்கொண்டு படுத்தார். முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். வழியனுப்புவதற்காக ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அவர் கும்பிட்டுவிட்டு, என் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டார். போஸ்டருக்கு இனி வேலை இல்லை, அந்தத் தெருக் காட்சியையே நீக்கிவிடுகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

புதுச்சத்திரம் தாண்டிய பிறகுதான் அவர் பேசினார். ஐம்பது வயதில் கிடைத்த முதல் நிலையான வேலை இது. கதையை வேறு பக்கம் திருப்ப வேண்டும் என்று சேனலில் முடிவு செய்தார்கள், அதனால் அப்பாவைச் சாகடிக்கிறார்கள். இனி யார் கூப்பிடுவார்கள் என்று தெரியவில்லை. இதைச் சொன்னால் அக்காவுக்கு நெஞ்சு தாங்காது என்று ஒரு மாதமாக மறைத்து வைத்திருந்தார்.

“நான் பயந்து மறைச்சேன். நீங்க சுவத்துல ஒட்டிட்டீங்க” என்றார். அதில் குத்தல் இல்லை. அதனால்தான் இன்னும் வலித்தது.

வீட்டு வாசலில் கூட்டம் கலைந்திருந்தது. அக்கா கதவருகே நின்றிருந்தார். தம்பியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். தோளில் இருந்த பொன்னாடையில் கண் நின்றது.

“அப்ப வேல போயிடிச்சா?”

“கதையிலதான்க்கா செத்தேன்.”

“கதையில போனா வேலையும் போனதுதான. எனக்குத் தெரியாதா?” என்றார். பிறகு, “உள்ள வராத. சாவு வூட்லேந்து வர்ற. பின்னால போ” என்று சொல்லி, கிணற்றடியில் உட்கார வைத்துத் தானே ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். முகத்திலிருந்த சாம்பல் நிறப் பூச்சு கரைந்து கழுத்தில் வழிந்தது. அப்போதுதான் அந்த அக்கா அழுதார். நான் திரும்பி நின்றுகொண்டேன்.

மன்னிப்புக் கேட்டபோது என்னிடம் ஒன்றுதான் சொன்னார்: “நாளைக்கிக் காலையில வந்து சுவத்த சுத்தம் பண்ணு தம்பி. ஆள அனுப்பாத, நீயே வா.”

மைதாப் பசையில் ஒட்டியதைக் கிழித்தால் முழுதாக வராது. பாதிக் கண், ஒரு காது, பெயரில் நாலு எழுத்து என்று சுவரெல்லாம் மிச்சம் நின்றிருந்தது. மறுநாள், வெள்ளிக்கிழமை, எழுந்ததும் டைரியைத் திறக்கவில்லை. ஒரு வாளியும், பெயிண்டர்கள் பட்டி பூசும் தகடு இரண்டும் எடுத்துக்கொண்டு ஐந்தரை மணிக்கெல்லாம் அந்த வீட்டுச் சுவர் முன்னால் நின்றேன். கதவு திறந்து நடிகர் லுங்கியோடு வெளியே வந்தார். என் கையிலிருந்த இரண்டு தகடுகளில் ஒன்றை வாங்கிக்கொண்டார்.

“பேர நீங்க சொரண்டுங்க சார். அது சீரியல்காரங்க குடுத்தது. மூஞ்சிய நான் பாத்துக்குறேன்.”

தண்ணீர் தெளித்து, ஊற விட்டு, நெற்றியிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டே வந்தார். நான் எழுத்து எழுத்தாகச் சுரண்டினேன். அன்றிலிருந்து ஒரு மனிதரின் படத்தை அச்சுக்கு அனுப்பும் முன், அதைச் சுவரில் முதலில் பார்க்கப்போவது யார் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.