விவசாயக் குடும்பம் என்று நான் எழுதிய வரி

முதல் நாள்

மைசூர் அரசு அலுவலகங்களில் முப்பத்து மூன்று வருடம் ஸ்டெனோவாக இருந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு இரண்டு எம்.பி.க்களுக்கு பி.ஏ.வாக வேலை பார்த்தேன். நான் டைப் செய்த கடிதம் திருத்தம் கேட்டுத் திரும்பி வந்ததே இல்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன். ஒரே ஒரு காகிதம் மட்டும் விதிவிலக்கு. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்தக் காகிதத்தின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

நான் முதலில் வேலை பார்த்த எம்.பி. ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்துக் கரும்பு விவசாயி. இரண்டாமவர் கோமளா மேடம், ராஜ்யசபா உறுப்பினர். அவருடைய தாத்தா ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்வே வேலைக்காக மைசூர் வந்தவர். அப்பா ராஜமாணிக்கம் ரயில்வே வொர்க்‌ஷாப்பில் கொல்லர். மேடம் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்து, சட்டம் படித்து, லேபர் கோர்ட் வக்கீல் ஆனார்.

அவரிடம் வந்த கேஸ்களில் பாதி ஒரே மாதிரி. வேலைக்குச் சேரும்போது வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆள் வேண்டாம் என்று தோன்றும்போது அதையே ராஜினாமாக் கடிதமாக டைப் செய்துவிடுவார்கள். அப்படிப்பட்டவர்களுக்காக வருடக்கணக்கில் வாதாடித்தான் மேடம் பெயர் வாங்கினார். அந்தப் பெயர்தான் அவரை டெல்லி வரைக்கும் கொண்டுபோனது.

எம்.பி. ஆன முதல் நாள், ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், என் மேஜையில் ஒரு கட்டு லெட்டர்பேடை வைத்துக்கொண்டு கடகடவென்று கையெழுத்துப் போட்டார். எல்லாம் வெற்றுத் தாள். எந்த எம்.பி. ஆபீசிலும் உள்ள வழக்கம்தான். தலைவர் டெல்லியில் இருப்பார், கடிதம் கேட்டு ஜனங்கள் இங்கே நிற்பார்கள், வேறு வழியில்லை.

"வசந்தாம்மா, நீங்க இருக்கீங்க, எனக்குக் கவலையில்ல" என்றார். எனக்கும் எந்தக் கவலையும் இல்லை.

பயோடேட்டா

அடுத்த வாரம் டெல்லியில் ராஜ்யசபா செயலகத்திலிருந்து போன் வந்தது. மேடத்தின் பயோடேட்டாவும், கூடவே ஒரு பத்தி வாழ்க்கைக் குறிப்பும் சாயங்காலம் ஐந்து மணிக்குள் வேண்டுமாம். மேடம் கட்சிக் கூட்டத்தில் இருந்தார், போனை எடுக்கவில்லை. ஐந்து மணி என்றால் நாலேமுக்காலுக்கு அனுப்புகிறவள் நான். பழைய எம்.பி.யின் ஃபைலைத் திறந்து, பெயர், படிப்பு, தொழில் எல்லாம் மாற்றினேன். பொழுதுபோக்கு என்ற கட்டத்தில் வாசிப்பு, தோட்டக்கலை என்று இருந்ததை அப்படியே விட்டேன். எல்லா எம்.பி.க்களும் அதைத்தான் எழுதுகிறார்கள். தோட்டம்தான் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

கடைசியாக ஒரு வரி மிச்சம் இருந்தது: "விவசாயக் குடும்பத்தில் பிறந்து, உழைப்பால் உயர்ந்தவர்."

இங்கேதான் கை நின்றது. மறந்து விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய். ராஜமாணிக்கம் என்ன வேலை பார்த்தார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கொல்லர் என்று போட்டால் டெல்லியில் என்ன நினைப்பார்களோ என்று எனக்கே ஒரு கூச்சம். விவசாயி என்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள் அல்லவா? வரியை அப்படியே விட்டு, கையெழுத்துப் போட்டிருந்த லெட்டர்பேடில் பிரிண்ட் எடுத்து, ஸ்கேன் செய்து அனுப்பினேன். மணி நாலு நாற்பது.

பாராட்டு விழா

பதினைந்து நாள் கழித்து, ஓய்வு பெற்ற ரயில்வே தொழிலாளர்கள் மேடத்துக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். முன்வரிசையில் மேடத்தின் அப்பா, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். அடுத்த வாரம் மேடம் சபையில் முதன்முதலாகப் பேசப்போகிறார். அப்பா பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும் என்பது மேடத்தின் ஆசை. எம்.பி. ஆன நாளிலிருந்து அவர் தனக்கென்று ஆசைப்பட்டது அது ஒன்றைத்தான். விமானம் வேண்டாம், ரயிலில்தான் வருவேன் என்று அப்பா பிடிவாதம் பிடித்து, டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது.

விழாவில் அறிமுகம் செய்தவர் எங்கிருந்தோ என் பத்தியை எடுத்துக் கன்னடத்தில் வாசித்தார். விவசாயக் குடும்பம் என்று அவர் சொன்னதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"லே ராஜமாணிக்கம்! நீ எப்பப்பா ஏர் ஓட்டினே?"

கூட்டம் முழுக்கச் சிரிப்பு. அப்பாவும் முதலில் சிரித்தார். பிறகு மேடையில் இருந்த மகளைப் பார்த்தார். எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே போய்விட்டார்.

காரில் மேடம் கேட்டார். "யாரு எழுதினது அது?"

"நான்தான் மேடம்."

"நான் பாத்தேனா?"

"இல்ல மேடம். நீங்க கையெழுத்துப் போட்டு வெச்ச பேட்ல எடுத்தேன்."

  அன்று சாயங்காலம் அப்பா மேடத்திடம் போனில் சொன்னது இவ்வளவுதான்: "விவசாயி வூட்டுப் பொண்ணு டெல்லில பேசட்டும். அங்க எனக்கு இன்னா வேலை? டிக்கெட்ட கேன்சல் பண்ணிடு."

பாஸ் ஃபாரம்

மறுநாள் காலை நானே ராஜமாணிக்கத்தின் வீட்டுக்குப் போனேன். எத்தனையோ அதிகாரிகளைச் சமாதானம் செய்தவள், இவரை முடியாதா என்ற தைரியம்.

அவரே காபி போட்டுக் கொடுத்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"சார், அந்த வரி நான் எழுதினது. மேடத்துக்குத் தெரியவே தெரியாது."

"தெரியாதா? அவ கையெழுத்து கீது இல்ல?"

"முன்னாடியே போட்டுக் குடுத்துட்டாங்க சார். வெறும் பேப்பர்ல."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"வெறும் பேப்பர்லயா? ஊர்ல இருக்கிறவன எல்லாம், ஏன்ணா படிக்காம கையெழுத்துப் போட்டேன்னு கோர்ட் வாசல்ல நிக்க வெச்சுத் திட்டுவாம்மா அவ! இப்போ அவளே போடறாளா?"

டம்ளரை ஓரமாகத் தள்ளிவிட்டு அவரே தொடர்ந்தார்.

"முப்பத்தாறு வருஷம் உலைக்கு முன்னால நின்னிருக்கேன். நான் அடிச்ச கொக்கி ஒண்ணாவது முறிஞ்சு வந்துதுன்னு எவனாவது சொல்லட்டும் பாக்கலாம். நீங்களும் இத்தன வருஷம் டைப் அடிச்சிருக்கீங்க. உங்களப் போயி வேற ஏதோ வேலை செஞ்சவங்கன்னு எழுதினா சும்னே இருப்பீங்களா?"

"இருக்க மாட்டேன் சார்" என்றேன். சத்தியமாக இருக்க மாட்டேன். இந்த மனிதருக்கும் எனக்கும் ஒரே திமிர் என்று அப்போதுதான் புரிந்தது. அதைப் போய் நான் அழித்துவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

பையில் பார்வையாளர் பாஸ் ஃபாரம் வைத்திருந்தேன். அவரைச் சம்மதிக்க வைத்துவிடுவேன் என்ற நம்பிக்கையில் எல்லாக் கட்டத்தையும் டைப் செய்து, மேடம் முன்னமே கையெழுத்திட்ட ஃபாரம். எடுத்து நீட்டியதும் அவர் கண் நேராகக் கீழே போனது.

"இதுலயும் போட்டுட்டாளா?"

அவர் எதிரிலேயே அதைக் கிழித்தேன். கையெழுத்து இல்லாத ஃபாரம் இன்னொன்று இருந்தது. பேனாவோடு அதைக் கொடுத்தேன். "நீங்களே எழுதுங்க சார்."

கண்ணாடி போட்டு, முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்தார். தொழில் என்ற கட்டத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்தில், கட்டத்தை மீறி, 'பிளாக்ஸ்மித், கிரேடு ஒன்' என்று எழுதினார்.

"கீழ மெம்பர் கையெழுத்துன்னு கீது. அவ படிச்சிட்டுப் போடட்டும். வர்றதா வேண்டாமான்னு அப்பறம் சொல்றேன்."

கையெழுத்து

ஆபீசுக்கு வந்து, அவர் சொன்னதை ஒன்று விடாமல் மேடத்திடம் சொல்லி ஃபாரத்தைக் கொடுத்தேன். வெற்றுத் தாள் விஷயத்துக்கு வந்ததும் மேடம் தலையைக் குனிந்துகொண்டார். ஃபாரத்தின் முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தார். தொழில் வந்த இடத்தில் வாய்விட்டு இரண்டு தடவை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

"அந்தக் கட்டு எங்க வசந்தாம்மா?"

டிராயரைத் திறந்தேன். மிச்சமிருந்த லெட்டர்பேட் தாள்களை இரண்டு பேருமாக உட்கார்ந்து கிழித்தோம். அன்றிலிருந்து அந்த ஆபீசில் எந்தக் கடிதமும் மேடம் படிக்காமல் போனதில்லை. டெல்லியில் இருந்தால் போனில் வாசித்துக் காட்டுவேன். வேலை இரட்டிப்பானது. ஆனாலும் தாமதம் ஆனதில்லை, நான் இருக்கும்போது எப்படி ஆகும்?

டெல்லிக்குத் திருத்தமும் அனுப்பினேன்: "ரயில்வே வொர்க்‌ஷாப் கொல்லரின் மகள்." தோட்டக்கலையையும் எடுத்துவிட்டேன்.

ஒரு தலைவரின் குடும்பத்தைப் பற்றி எழுதும்போது உங்கள் கை ஓரிடத்தில் கூசினால், அந்தக் கூச்சம் அவருடையதா, உங்களுடையதா என்று ஒரு நிமிடம் பாருங்கள். என் விஷயத்தில் அது முழுக்க என்னுடையது.

அன்று சாயங்காலம் ஆபீஸ் போன் அடித்தது. ராஜமாணிக்கம்தான்.

"படிச்சாளா?"

"ரெண்டு தடவ படிச்சாங்க சார்."



"டிக்கெட்ட கேன்சல் பண்ணலயில்ல?"

"இல்ல சார்."

"சரி. ரயிலு எத்தன மணிக்கு?"