வள்ளி சாப்பிட்டாளா?

எனக்குத் தங்கை கிடையாது. வள்ளி என்று ஒருத்தி பிறக்கவே இல்லை. அவள் பெயரைச் சொல்லித்தான் ஏறக்குறைய ஒரு வருடம், நல்ல மனிதர்களின் அன்பை வாங்கித் தின்றேன்.

அந்த மனிதர்களை விட்டு நடந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். உக்கடம் பின்னால் போய்விட்டது. சோமனூருக்கு பஸ் ஏற வேண்டியவன், முதுகில் வெயில் அடிக்கத் திருச்சி சாலையில் கிழக்கே போய்க்கொண்டிருந்தேன். தோள் பையில் என் துணிமணி எல்லாமே இருந்தது. காலையிலேயே கட்டி எடுத்து வந்துவிட்டேன். ஓடிப்போவது என்று முடிவு செய்தவன், ஓடுவதற்கு முன் ஏன் அங்கே போனேன்? கடைசியாக ஒருமுறை அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் ஏழாவது வரை படித்தவன். ஈரோட்டில் ஹோட்டல், திருப்பூரில் சாயப்பட்டறை, கொஞ்ச நாள் லாரியில் கிளீனர். எங்கும் நிலைக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் சோமனூரில் ஒரு விசைத்தறிக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தேன். கஷ்டம் எனக்குப் பழக்கம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது வேறு.

நான் சாப்பிடுவேன். வெறி பிடித்தவனைப் போலச் சாப்பிடுவேன். பிறகு யாரும் பார்க்காத இடத்துக்குப் போய் அத்தனையையும் வாந்தியெடுப்பேன். வயிற்றுக் கோளாறு இல்லை... நானாகத்தான். மீசை முளைத்த நாளிலிருந்து இப்படி. ஏன் என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது. உலகத்தில் இந்தக் கிறுக்கு எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு தறிக்கு உதிரிச் சாமான் வாங்க உக்கடம் வந்தவன், ஒரு கட்டடத்தின் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாடிப்படியிலிருந்து ஒரு அம்மா பார்த்துவிட்டார். சொம்பில் தண்ணீரோடு இறங்கி வந்தார்.

"ஏனுங்க தம்பி, குடிச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப மேல வந்து ஃபேனுக்கடியில கொஞ்சம் உக்காருங்க."

அவர்தான் ஸ்டெல்லா அக்கா. மேலே அவருடைய தையல் வகுப்பு. தையல் மிஷின்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு, பாய் விரித்து, அம்மாக்களும் பெண்பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சோறும் குழம்பும். யாரோ ஒரு பெண் எழுந்து நின்று, தன் மகள் வாந்தியெடுப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பற்றிச் சொல்வது போலவே இருந்தது!

அந்தக் கூட்டம் ஒரு ஆஸ்பத்திரி பெஞ்சில் தொடங்கியதாம். ஸ்டெல்லா அக்காவின் மகள் சாப்பாட்டை விட்டுவிட்டு எலும்பும் தோலுமாகப் போனபோது, காத்துக் கருப்பு என்றார்கள், கல்யாணம் செய்தால் சரியாகிவிடும் என்றார்கள். கடைசியில் ஒரு மனநல டாக்டர், இது நோய், திமிர் அல்ல என்றார். பக்கத்தில் இதே கவலையோடு உட்கார்ந்திருந்த இன்னொரு தாயைக் காட்டி, நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள் என்றாராம். பேசினார்கள். இருவர் ஐவரானார்கள், மேலும் சிலர் வந்தார்கள். மகள் தேறி நர்சிங் படிக்கப் போய்விட்டாள். ஸ்டெல்லா அக்கா மட்டும் கூட்டத்தை விடவில்லை.

"உங்க ஊட்ல யாருக்குங்க தம்பி?" என்று கேட்டார்.

எனக்கு என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நொடி வேலை. ஆனால் அங்கே இருந்தவர்கள் எல்லாம் பெண்பிள்ளைகள். நான் நூல் சுற்றிய பாவு உருளையை ஒற்றைத் தோளில் தூக்குகிறவன்... "தங்கச்சிக்குங்க. வள்ளி" என்று வாய் சொல்லிவிட்டது.

அன்று முதல் ஒவ்வொரு ஞாயிறும் போனேன். என் வாரத்தை வள்ளியின் வாரமாகச் சொன்னேன். வள்ளி பயப்படுகிறாள், வள்ளிக்குத் தன் உடம்பைப் பார்க்கவே பிடிக்கவில்லை, வள்ளி நேற்று மறுபடியும்... எல்லாம் நான்! அவர்கள் சொன்ன யோசனைகளைக் கொண்டுபோய் எனக்கே செய்துகொண்டேன். சாப்பிட்டதும் தனியாகப் போகவிடாதீர்கள், பேச்சுக் கொடுங்கள் என்றார்கள். சாப்பிட்டதும் தறிக்காரர்கள் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டேன். "அவ தப்பில்லீங்க தம்பி. அதை நீங்க அவகிட்ட வாய்விட்டுச் சொல்லோணும்" என்றார் ஸ்டெல்லா அக்கா. தறி ஓடும் இரைச்சலில் யாருக்கும் கேட்காது. "உன் தப்பில்லை வள்ளி" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே அறுந்த நூலை முடிந்தேன். அழுகை வந்தது. அதுவரை எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் யாருக்கும் பரிமாறக் கூடாது. போட்டுக்கொள்ளுங்கள், போதுமா, இவ்வளவுதானா... இந்தப் பேச்சே கூடாது. எங்கள் பக்கத்தில் இது எவ்வளவு பெரிய காரியம் தெரியுமா! இலையைக் கையால் மறைத்தாலும் விரல் இடுக்கில் சோற்றைத் தள்ளுகிற ஊர். வற்புறுத்தாவிட்டால் மரியாதை தெரியாதவன் என்று பெயர்.

இதில் தவியாய்த் தவித்தவர் பொன்னுசாமிக் கவுண்டர். சூலூர்ப் பக்கம் தோட்டம். பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்த மகள் கோகிலாவோடு வருவார். வந்த புதிதில் ஸ்டெல்லா அக்கா சமைத்ததைத் தொடாமல், சாப்பிட்டுவிட்டு வந்ததாகச் சொல்வார். ஏன் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. மகள் அதே சோற்றை ஒரு வாய் எடுத்த அன்று, அவரும் தட்டை எடுத்து உட்கார்ந்தார். பிறகு அவர் வாய் சும்மா இருக்கவில்லை.

"டீச்சருங்க, கையக் கட்டிப்போட்டு உக்காருன்னா எப்படீங்க? ஊட்டுக்கு வந்தவங்களுக்கு ஒரு கரண்டி வெக்காம இருக்கறதுங்களா?"

"இது உங்க ஊடில்லீங்க கவுண்டரே, என் தையல் கிளாஸு. கை சும்மா இருக்கலீன்னா வாங்க, சட்டைக்குக் காஜா எடுக்கக் கத்துத் தாரேன்."

கோகிலாகூடச் சிரித்தாள்.

ஆனால் ஒருநாள் கவுண்டர் கை பழக்கத்தில் நீண்டுவிட்டது. பேச்சு சுவாரசியத்தில் மகள் தட்டில் ஒரு கரண்டி சோற்றை வைத்துவிட்டார். கோகிலா அந்தச் சோற்றையே பார்த்தாள். பிறகு தட்டை வைத்துவிட்டுப் போய் மாடிப்படியில் உட்கார்ந்தாள். கவுண்டர் தன் கையை ஏதோ பாவம் செய்த கையைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய் இரண்டு படி கீழே உட்கார்ந்தேன்.

அவளாகக் கேட்டாள். "வள்ளிக்கும் இப்படித்தானுங்களாண்ணா?"

"இப்படித்தான் அம்மணி."

"இன்னிக்கு வள்ளி சாப்ட்டாளா?"

"சாப்ட்டா."

"அப்ப நானும் சாப்பிடறேன். வாராவாரம் வந்து சொல்லுங்க. அவ சாப்பிட்டா நானும் சாப்பிடறேன்."

நினைத்துப் பாருங்கள்... இல்லாத ஒருத்தியோடு ஒரு பெண் உயிரைப் பணயம் வைத்து ஒப்பந்தம் போட்டுவிட்டாள்! அன்றிலிருந்து, நான் சாப்பிட்டுச் சாப்பாடு உள்ளே தங்கினால்தான் வள்ளி சாப்பிட்டாள் என்று சொல்வது என வைத்துக்கொண்டேன். அந்த ஒன்றிலாவது பொய் கூடாது. அவளுக்காகவே பல நாள் தாக்குப் பிடித்தேன். அவள் கன்னத்திலும் கொஞ்சம் சதை வந்தது.

பிறகு எனக்கு ஒரு மோசமான வாரம். "இல்ல அம்மணி, வள்ளியால முடியல" என்று உண்மையைச் சொன்னேன். கோகிலா தட்டைத் தள்ளிவிட்டாள். அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடாமல் மயங்கி விழுந்து, குளுக்கோஸ் ஏற்றினார்களாம். அதன்பின் நான் எப்போதும் "சாப்ட்டா" என்றே சொன்னேன். சாப்பிடாத வாரங்களிலும்.

கவுண்டருக்கு ஒரு யோசனை வந்தது. "தம்பி, அடுத்த வாரக் கூட்டத்துக்கு மறுநா, திங்கக்கெழம, கோகிலாவ உங்க ஊட்டுக்கே கூட்டியாரேனுங்க. புள்ளைக ரெண்டும் நேர்ல பாத்துக்கட்டும். வள்ளியும் தெம்பாகும்."

"வாங்க, வாங்க" என்றேன். வேறென்ன சொல்வேன்? என் வீடு, நாலு பேர் படுக்கும் ஒரு தறிக்காரர் அறை.

அதனால்தான் அந்த நடை. சிங்காநல்லூர் தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு டி.வி.எஸ். ஐம்பது வந்து நின்றது. கவுண்டர். பின்னால் கோகிலா.

"ஏனுங்க, சோமனூருக்கு நடந்தேவா போறீங்க?"

"பஸ்ஸ உட்டுட்டேனுங்க."

"அட, அடுத்த பஸ்ஸு வந்துருமுங்க. எதுத்தாப்பல பங்க்ல பெட்ரோல் போட்டுட்டு வாரேன். அம்மணி, எறங்கி அண்ணங்கூட நில்லு."

கோகிலா என் பையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை.

"அண்ணா, வள்ளி நீங்கதானுங்களே?"

நான் பையைத் தோளில் இழுத்து மாட்டிக்கொண்டேன்.

"எங்கூடப் பொறந்த அண்ணனுக்கு நான் என்ன நெனைக்கறேன்னே தெரியாதுங்க. தங்கச்சியப் பத்தி யாரும் அப்படி உள்ளார இருந்து பேச மாட்டாங்க. எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். நாஞ் சொல்லலீங்க யார்கிட்டயும்."

அவள் என்னைக் காட்டிக்கொடுப்பதற்காகக் கேட்கவில்லை. அது எனக்கு அப்போதே புரிந்தது. தன்னைப் போல் இன்னொரு ஆள், நிஜமாகவே, எதிரில் நிற்கிறான் என்று தெரிந்தால் போதும் அவளுக்கு. ஆமாம் என்று ஒரு சொல்! அவள் கையில் பிடித்துக்கொள்ள ஒரு நிஜ மனிதன் கிடைத்திருப்பான்.

"என்ன அம்மணி பேசற? வள்ளி ஊட்ல இருக்கா. நாளைக்கு வந்து பாரு."

இதுதான் என் குற்றம். தங்கையைக் கற்பனை செய்தது அல்ல. அது பயத்தில் வந்தது. அந்தப் பெண் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபோது நான் அவள் முகத்தில் அறைந்து சாத்தினேனே... அது.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அப்பா வந்ததும் வண்டியில் ஏறிக்கொண்டாள். "நாளைக்குப் பாக்கலாமுங்க தம்பி!" என்று கவுண்டர் கை காட்டிவிட்டுப் போனார்.

கோகிலா பிறகு என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. தேறியிருப்பாள் என்று சொல்லி உங்களையும் என்னையும் ஏமாற்ற மாட்டேன். போய்க் கேட்கும் தைரியம் வரவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நான் இன்று உயிரோடு இருந்து இதைச் சொல்கிறேன் என்றால், ஸ்டெல்லா அக்காவும், கையைக் கட்டிக்கொண்டு உட்காரக் கற்றுக்கொண்ட அந்தக் கவுண்டரும், வாராவாரம் என் பதிலுக்காகக் காத்திருந்த அந்தப் பெண்ணும்தான் காரணம். அவர்கள் இல்லாத ஒருத்திக்குக் கொடுத்ததெல்லாம் என்னிடம்தான் வந்து சேர்ந்தது. அந்த நன்றியைச் சொல்ல எனக்கு முகம் இல்லை. மனம் மட்டும் இருக்கிறது.

மறுநாள் காலை பல்லடத்தில் ஒரு கோழிப்பண்ணையில் வேலை கேட்டேன். தீவனம் போடும் ஆள் நின்றுவிட்டானாம், உடனே சேர்த்துக்கொண்டார்கள். வேலையாட்களோடு உட்கார வைத்துக் கம்மஞ்சோறும் மோரும் கொடுத்தார்கள். சாப்பிட்டேன். எழுந்து பின்பக்கம் போக வேண்டும் போல உடம்பு பரபரத்தது. போகவில்லை. பக்கத்திலிருந்தவரிடம் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பரபரப்பு மெல்ல அடங்கியது. சாப்பாடு உள்ளேயே இருந்தது.

அந்த நேரத்துக்குக் கவுண்டரும் கோகிலாவும் சோமனூரில் வள்ளியின் வீட்டை விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

"புது ஆளு, வாங்க" என்று மேஸ்திரி கூப்பிட்டார். முதல் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கொட்டகைக்குள் போனேன்.