அத்தானின் குளியல்

எங்கள் அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். ஒரு தூசி ஒட்டினால் போதும், செய்த வேலை அத்தனையும் பாழ். அதனால் எதைத் தொட்டாலும் கை கழுவுவார். நாங்கள் அவருக்கு 'சோப்பு' என்று பேர் வைத்திருந்தோம். மற்றபடி தங்கமான மனுஷன், அதிர்ந்து பேசமாட்டார். நாற்பதுக்கு மேல் தியானத்தில் பைத்தியமானார். அதிலும் தப்பில்லை.

தப்பு எங்கே என்று அக்கா ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"எங்கிட்ட ஆசையாத்தான்டி வர்றாரு. ஆனா முடிஞ்ச கையோட ஓடிப்போய்க் குளிச்சிட்டு, தியானத்துல உக்காந்துடறாரு. அந்தத் தண்ணிச் சத்தம் கேக்கறப்ப, என்னையே சாக்கடையில ஊத்துற மாதிரி இருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் கும்பிடும் கடவுளுக்கு என் அக்கா அழுக்கா?

அந்த வாரமே அக்கா தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். "என்னைத் தொட்டதைக் கழுவினாத்தான் உங்க மனசு அடங்கும்னா, இனிமே தொடவே வேணாம்" என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அத்தானுக்கு முதலில் நிம்மதியாகக்கூட இருந்ததாம், தொந்தரவு விட்டது என்று. கொழுப்பைப் பாருங்கள்! ஆனால் மழைக்காலம் முடிவதற்குள் ஆள் பாதியாகிவிட்டார். அக்கா சிரிப்பதையே விட்டுவிட்டாள். இரண்டு பேரும் கடைசிவரை இப்படியே இருந்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

ஒரு விடுமுறை நாள் காலையில் அவர் அக்காவின் அறை வாசலில் வந்து நின்றாராம்.

"கண்ணை மூடினா நீதான் வர்ற. தள்ளித் தள்ளிப் பாத்தேன். உன்னைத் தள்ளினா அந்த அமைதியும் கூடவே போயிடுது. ரெண்டும் வேற வேறன்னு நானாதான் நெனச்சுக்கிட்டேன்."

அக்கா லேசில் இளகவில்லை. "பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. பாக்கலாம்" என்றாளாம்.

விஷயம் தெரியாமல் அன்று மதியம் நான் போய் அக்காவின் அறைக் கதவைத் தட்டினேன். திறக்க வெகுநேரம் ஆயிற்று. அக்காவின் தலை கலைந்திருந்தது. அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். அத்தான் கட்டிலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். சட்டை கசங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டிருந்தார்.

"என்னையும் கூட உக்காரச் சொன்னாரு" என்றாள் அக்கா ரகசியமாக. "இன்னும் குளிக்கலடி."

அதைச் சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வா என்றுகூடச் சொல்லாமல், என் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்திவிட்டு அவரிடம் போய்விட்டாள்.