கீரை தின்ற குற்றம்

என் மூத்த மகன் பிறந்த புதிதில் பச்சையாக வாந்தி எடுத்தான். தலைப்பிரசவத்துக்குச் சேரன்மகாதேவியில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். பால் கக்காத பிள்ளை உண்டா? ஆனால் இவன் கக்கியது அரைத்த கீரை மாதிரி இருந்தது. அம்மாவுக்கு அது போதும்.

"ஏட்டி, எனக்குத் தெரியாம முருங்கக்கீரயத் தின்னியா?"

தின்றிருந்தேன். பத்தியம் என்று பூண்டும் மிளகு ரசமுமாகப் போட்டு நாக்கு செத்துப்போயிருந்தது. அடுக்களையில் நின்றபடியே ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டேன். அதன்பிறகு பிள்ளை எப்போது கக்கினாலும் வீட்டில் எல்லார் கண்ணும் என் தட்டுக்குத்தான் போகும். கீரை போயிற்று, பருப்பு போயிற்று, கடைசியில் ரசம்சோறு மட்டும் மிஞ்சியது. நான் எலும்பும் தோலுமானேன், அவனும் ஆனான். கொஞ்சம் கொஞ்சம் வெளிக்குப் போய்க்கொண்டிருந்ததால் குடலில் கோளாறு என்று யாருக்கும் தோன்றவில்லை. உச்சிக்குழி பள்ளமாக இறங்கிய அன்றுதான் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

வாந்தியின் நிறத்தைச் சொன்னதும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பச்சைன்னா அது பித்தநீரும்மா. இவ்வளவு நாளா என்ன செஞ்சிய?"

எக்ஸ்ரே அறையில் கனத்த ஈயக் கோட்டு ஒன்றை மாட்டிவிட்டு, பிள்ளையின் கைகளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். மூக்கில் விட்ட குழாய் வழியே சுண்ணாம்புத் தண்ணீர் போல ஒரு மருந்தை ஏற்றினார்கள். சின்ன டிவியில் அது இரைப்பையை நிறைப்பது தெரிந்தது. பக்கத்தில் இன்னொரு பை போல வீங்கி, அங்கேயே நின்றுவிட்டது. வெகுநேரம் கழித்துத்தான் தையல் நூல் கனத்தில் ஒரு கோடு கீழே இறங்கியது. இத்தனை நாளும் அந்த நூல் வழியாகத்தான் என் பிள்ளை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மா படத்தை விளக்கில் மாட்டி அம்மாவையும் கூப்பிட்டார். "சிறுகுடல் ஆரம்பத்துலயே சுருங்கியிருக்கு. தாய் வயித்துல இருக்கும்போதே அமைஞ்சது. ஆபரேஷன் பண்ணணும்."

அம்மா படத்தையே வெறித்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்பம், மாசமா இருக்கும்போது இவ என்னத்தத் தின்னா?"

பெற்ற தாயா இவள்!

"யாரு எதத் தின்னும் இது வராது. மொதல்ல இவளுக்கு வயிறார சோறு போடுங்க" என்றார் டாக்டரம்மா.

ஆபரேஷன் முடிந்தது. வெளிக்குப் போனால்தான் குடல் வழிவிட்டிருக்கிறது என்று சொல்ல முடியும் என்றார்கள். அம்மா வராந்தாவிலேயே கிடந்தாள். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. பிள்ளையும் வெளிக்குப் போகவில்லை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே பயந்தோம்.

ஒரு காலையில் துணியை விலக்கினேன். மஞ்சளாக இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அந்தத் துணியைப் பிடுங்கிக்கொண்டாள். கக்கூஸ் பக்கம் போய்வந்தாலே தலைமுழுகுகிறவள், அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் ஓடினாள்.

"எம் பேரன் வெளிக்கு இருந்துட்டான், பாருங்க! பாருங்க!"