எந்தத் தெரு?

பரமசிவனுக்கு ஒரு திறமை உண்டு. அதைத் திறமை என்றுதான் அவர் இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருந்தார். சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போய் வரும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கல்யாணத்துக்கு முன்னால் ஏறியவர், இன்னும் அதே ரூட்டில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறார். புது முகம் ஒன்று பஸ்ஸில் ஏறிவிட்டால் போதும், டிக்கெட்டைக் கிழிப்பதற்கு முன்னாலேயே பேச்சு ஆரம்பமாகிவிடும்.

“எந்த ஊருக்கு?”

ஊர்ப் பேரைச் சொன்னதும் அடுத்தது தயாராக இருக்கும்.

“அங்கன எந்தத் தெரு?”

தெருவைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஏறியவருடைய தாத்தா பேர், பெரியப்பா பேர், அந்த வீட்டுக்கு எந்த ஊரிலிருந்து பெண் வந்தது, எல்லாவற்றையும் இவர் கடகடவென்று ஒப்பிப்பார். கேட்டவர் வாயைப் பிளப்பார். “அண்ணாச்சிக்குத் தெரியாத தெரு இந்தத் தாலுகாவுல உண்டுமா?” என்று டிரைவர் வேல்சாமி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஏற்றிவிடுவான். பரமசிவனுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

தெருவைக் கேட்டால் என்ன தெரியவரும் என்பது இந்தப் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். சாதியை வாய்விட்டுக் கேட்டால்தானே அநாகரிகம்? தெருவைக் கேட்டால் அது விசாரிப்பு, அக்கறை, ஊர்ப்பாசம். பரமசிவன் நாகரிகமான மனுஷர். ஒருவரிடமும் ஒருநாளும் சாதி கேட்டது கிடையாது.

அவருக்கு ஒரே மகள், சண்முகப்ரியா. பிளஸ் டூ முடித்திருந்தாள். இயற்பியல் என்றால் அவளுக்கு உயிர். அதைவிட ஒரு படி மேலே அப்பா. “எங்கப்பாவுக்குத் தெரியாத ஆளே கிடையாது” என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டு திரிந்த பிள்ளை. சாயங்காலம் டியூஷன் முடிந்து அப்பாவின் பஸ்ஸில் வர நேர்ந்தால், உட்கார இடம் இருந்தாலும் உட்காரமாட்டாள். படிக்குப் பக்கத்தில் நின்று அவர் பேசுவதைப் பார்த்துக்கொண்டே வருவாள். அந்தப் பார்வைக்காகவே பரமசிவன் இன்னும் நாலு தெருவைக் கூடுதலாக விசாரிப்பார்.

காலேஜ் பேச்சு வந்தபோது மனைவி பொன்செல்வி சொன்னாள், “பக்கத்து வீட்டுப் பிள்ளை போன்லயே பாத்துச் சேந்துட்டா. நீங்க ஏன் வெயில்ல அலையுதீக?”

“போன்ல பாத்தா எல்லா காலேஜும் மினுமினுன்னுதாம்ட்டி இருக்கும். நேர்ல போய் நாலு பேருகிட்ட விசாரிக்கணும். நான் லீவு போடுதேன்.”

ஊர்த் திருவிழாவான ஆடித்தபசுக்கே லீவு போடாத மனுஷர் மகளுக்காக லீவு போட்டதில் பொன்செல்விக்கு ஆச்சரியம். சண்முகப்ரியாவுக்குத் தலைகால் புரியவில்லை.

முதலில் பார்த்தது திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு காலேஜ். பிள்ளை லேபைப் பார்க்க ஓடினாள். பரமசிவன் கேட்டில் வாட்ச்மேனோடு ஒட்டிக்கொண்டார். ஊர் எது, பேர் எது என்று ஆரம்பித்து, குரலைத் தாழ்த்தி, “இது யாரு காலேஜு? எந்த ஆளுக பிள்ளைக நிறையப் படிக்கு?” என்று முடித்தார். வாட்ச்மேனும் தாழ்ந்த குரலிலேயே பதில் சொன்னார். மகள் திரும்பி வந்தபோது பரமசிவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார்.

“இங்கன தண்ணி சரியில்லையாம் மக்கா. ஒரே உப்பாம்.”

அடுத்தது கோவில்பட்டிப் பக்கம். அங்கே ஆபீஸ் கிளார்க்கிடம் அதே விசாரிப்பு, அதே தாழ்ந்த குரல். “பஸ் வசதி பத்தாதே மக்கா” என்றார். காலேஜ் வாசலிலேயே ஸ்டாப். அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பஸ் வந்து நின்று ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று. கண்டக்டர் சொன்ன காரணமாயிற்றே! சண்முகப்ரியா அந்த பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவதாகப் போனது வாசுதேவநல்லூர் தாண்டி, ராஜபாளையம் ரோட்டில். கேட்டுக்குள் நுழைந்ததும் மலை பக்கத்தில் வந்து நின்றதுபோல இருந்தது. புதிதாக வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்ட, படிக்கிற பிள்ளைகளையே கழுத்தில் அட்டை மாட்டி நிறுத்தியிருந்தார்கள். இவர்களுக்கு வாய்த்தவள் பேர் முத்துமாரி. இரண்டாம் வருஷம், அதே இயற்பியல்.

“வாங்கப்பா. வெயில்ல வந்திருக்கீய, முதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க” என்றாள்.

எடுத்த எடுப்பில் அப்பா என்று கூப்பிட்டதும் பரமசிவன் உருகிவிட்டார். என்ன மரியாதை தெரிந்த பிள்ளை! லேபைத் திறந்து காட்டினாள். லென்ஸ் வழியாகச் சுவரில் தலைகீழாகத் தெரிந்த ஜன்னலைக் காட்டினாள். சண்முகப்ரியா என்னென்னவோ கேட்டாள், இவள் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். ஹாஸ்டலுக்குக் கூட்டிப் போகும்போது ரெண்டு பேரும் கைகோத்துக்கொண்டு நடந்தார்கள். பின்னால் நடந்த பரமசிவன் வாட்ச்மேனையும் கிளார்க்கையும் மறந்தே போனார். அன்றைக்கு அவர் யாரையும் விசாரிக்கவில்லை. பிள்ளை இங்கேயே படிக்கட்டும் என்று முடிவே செய்துவிட்டார்.

“எங்க ரூம்ல ஒரு கட்டில் காலியா இருக்குடா. நீ சேந்தேன்னா வார்டன்கிட்டச் சொல்லி உன்னையே போடச் சொல்லுதேன்” என்றாள் முத்துமாரி.

சண்முகப்ரியா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பஸ் படிக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பாளே, அதே பார்வை. அந்தப் பார்வைதான் மனுஷரைக் கெடுத்தது. நம்ம திறமையைக் காட்டாமல் இருப்பது எப்படி?

“உனக்கு எந்த ஊரும்மா?”

“ஆவாரங்குறிச்சிப்பா.”

“அட! நம்ம ரூட்டுல்லா! தினம் நம்ம பஸ்ஸு அங்கன வருதே. எந்தத் தெரு?”

கேட்டுவிட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்டாரா என்றால், இல்லை. கேட்காமல் இருக்கத் தெரியவில்லை, அதுதான் விஷயம்.

முத்துமாரி நின்றாள். கோத்திருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டாள். அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். கண்டக்டர் சட்டை இல்லாததால் அதுவரைக்கும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லைபோல.

“உங்க பஸ்ஸு நிக்காத தெரு, சார்” என்றாள்.

பரமசிவனுக்கு முதலில் அந்த ‘சார்’தான் காதில் விழுந்தது. மற்றது விழுவதற்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. விழுந்ததும் காது இரண்டும் சூடாகிவிட்டன.

ஆவாரங்குறிச்சிக்குள் நுழைவதற்கு முன்னால் காலனி வரும். அங்கே ஸ்டாப் உண்டு, போர்டும் உண்டு. ஆனால் பரமசிவனின் பஸ் அங்கே நிற்காது. ஏன் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. காலனியில் நின்றால் அங்கே ஏறுகிறவர்கள் சீட்டைப் பிடித்துவிடுவார்கள், ஊருக்குள் ஏறுகிறவர்கள் நிற்க வேண்டிவரும், ஊர்க்காரர்கள் முணுமுணுப்பார்கள். எதற்கு வம்பு? அந்த இடம் வந்ததும் இவர் ரெண்டு விசில் கொடுப்பார், வேல்சாமி காலை அழுத்துவான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, மழையானாலும் வெயிலானாலும், ஊர் ஸ்டாப் வரைக்கும் ஓடிவருவார்கள். அந்தக் கூட்டத்தில் இவள் எந்தப் பிள்ளை? தெருப் பேரைச் சொன்னால் மூன்று தலைமுறையை ஒப்பிக்கிற பரமசிவனுக்கு இந்த முகம் ஞாபகத்தில் இல்லை. ஏறும்போது அவளிடம் ஒருநாளும் எந்தத் தெரு என்று கேட்டிருக்க மாட்டார். எங்கிருந்து ஓடிவருகிறாள் என்பதுதான் தெரியுமே.

“இல்லம்மா, நான் சும்மா...”

“பரவாயில்ல சார். மெஸ் அந்தப் பக்கம் இருக்கு. வாங்க, காட்டுதேன்.”

ஒரு சுடுசொல் இல்லை. மெஸ்ஸைக் காட்டினாள், லைப்ரரியைக் காட்டினாள், அப்ளிகேஷன் எங்கே வாங்க வேண்டும் என்று சொன்னாள். எல்லாவற்றையும் சண்முகப்ரியாவின் பக்கம் பார்த்தே சொன்னாள். திட்டியிருந்தால்கூட ஒரு சண்டை போட்டுவிட்டு ஆறிப்போயிருக்கலாம். இது எங்கே ஆறும்? பரமசிவன் ரெண்டு கையையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பின்னாலேயே நடந்தார். லைப்ரரியில் ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, அதைப் பார்ப்பதுபோல நிமிர்ந்தே நின்றார்.

முத்துமாரி வேறு யாரையோ கூப்பிடப் போனதும், அப்பாவும் மகளும் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தனியாக நின்றார்கள்.

“பழக்கதோஷத்துல கேட்டுட்டேன் மக்கா.”

“வாட்ச்மேன்கிட்டக் கேட்டதும் பழக்கதோஷமாப்பா?”

பரமசிவன் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். இவள் லேபில் அல்லவா இருந்தாள்?

“நீங்க மெதுவாப் பேசுதேன்னு நினைச்சுக்கிட்டீய. பஸ்ஸுல பேசிப் பேசி உங்களுக்கு மெதுவாப் பேசவே வராதுப்பா. வராண்டா வரைக்கும் கேட்டுச்சு. அந்தக் காலேஜ்ல தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு. நான் குழாய்ல குடிச்சேன்.”

“ஏட்டி, உன் நல்லதுக்குத்தான...”

“பஸ்ஸுல கேட்பீயல்லா, அப்பல்லாம் எனக்குப் பெருமையா இருக்கும். எங்கப்பாவுக்கு எல்லாரையும் தெரியும்னு. அந்த ஸ்டாப்புல ஏன் நிக்கலன்னு நானும் ஒருநாளும் கேட்டதில்ல. எனக்கே என்னைய நினைச்சா அசிங்கமா இருக்கு.”

தன்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவளோ தன்னையே சொல்லிக்கொண்டாள். தான் செய்ததன் அழுக்கு பிள்ளை மேலும் அல்லவா ஒட்டிவிட்டது!

“நான் இங்கதான் சேருவேன். அந்த அக்கா ரூம்லதான் இருப்பேன். அவ சரின்னு சொன்னா” என்று சொல்லிவிட்டு சண்முகப்ரியா ஓடினாள்.

மைதானத்துக்கு அந்தப் பக்கம் ரெண்டு பேரும் பேசுவது தெரிந்தது. கேட்கவில்லை. தன் மகள் ஒருத்தியிடம் கெஞ்சி நிற்பதைப் பரமசிவன் முதல்முறையாகப் பார்த்தார். இடம் கொடுங்கள் என்று கேட்டு நிற்கிறாள். முத்துமாரி அவள் தோளில் கை வைத்தாள். சரி என்கிறாள்போல என்று இவருக்கு மனசு கொஞ்சம் லேசாயிற்று. பிறகு அந்தப் பிள்ளை மெதுவாகத் தலையை ஆட்டினாள். சம்மதிக்கிற ஆட்டல் இல்லை அது.

சண்முகப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“என்ன சொன்னா மக்கா?”

“வேற நல்ல ரூம் பாத்துத் தாரேன்னு சொன்னா. எப்ப வேணும்னாலும் வந்து பாடத்துல சந்தேகம் கேளுன்னா.”

“அப்ப அந்தக் கட்டிலு?”

“‘நாளைக்கு உங்கப்பா வந்து ரூமை மாத்துங்கன்னு வார்டன்கிட்ட நின்னாருன்னா, எல்லாருக்கும் முன்னால தலைகுனியப் போறது நான்தான். எனக்கு அது ஒருதடவை நடந்திருக்கு. இன்னொரு தடவை வேண்டாம்டா’ன்னு சொன்னா.”

நான் அப்படி வந்து நிற்கமாட்டேன் என்று ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது பரமசிவனுக்கு. ஆனால் போகவில்லை. நின்றிருக்க மாட்டாரா என்ன? கூட இருக்கிற பிள்ளை எந்தத் தெரு என்று வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால், நின்றிருப்பார். தண்ணி சரியில்லை என்றோ, காற்று வரவில்லை என்றோ ஒரு காரணத்தையும் கண்டுபிடித்திருப்பார். தன்னைப் பற்றி அந்தப் பிள்ளை சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறாள் என்பதுதான் அவருக்குத் தாங்கமுடியவில்லை.

சேர்வதற்கு எழுதிக் கொடுத்துவிட்டு ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றார்கள். அந்த நேரம் பார்த்துப் பொன்செல்வி போன் பண்ணினாள். ஸ்பீக்கர் போடாமலே அவள் குரல் வெளியே கேட்கும்.

“காலேஜு எப்படிங்க இருக்கு?”

“நல்லாருக்கு. பிள்ளைக்குப் பிடிச்சிருக்கு. சேத்தாச்சு.”

“ஹாஸ்டல்ல கூட இருக்கப்போற பிள்ளைக யாரு எவருன்னு விசாரிச்சீகளா?”

பரமசிவன் ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தார். அவள் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். அவள் காதில் விழட்டும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

“அதெல்லாம் கேக்கல. அதையெல்லாம் கேக்கக் கூடாதுட்டி.”

சண்முகப்ரியா திரும்பினாள். போனுக்காகக் கையை நீட்டினாள். மனசு இறங்கிவிட்டது பிள்ளைக்கு என்று நினைத்து, பரமசிவன் சட்டென்று போனைக் கொடுத்தார்.

“கேட்டாரும்மா” என்றாள் அவள். “கேட்டாரு, அந்த அக்கா பதிலும் சொன்னா. அதான் எனக்கு அவ ரூம்ல இடம் கிடைக்கல. காலேஜு திறக்குற அன்னைக்கு நீ வாம்மா என்கூட. அப்பா வரவேண்டாம்.”

அழவில்லை, கோபப்படவில்லை. டிக்கெட் கேட்பதுபோலத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுப் போனை அப்பா கையில் திருப்பி வைத்துவிட்டு, நாலு எட்டு தள்ளிப்போய் நின்றுகொண்டாள்.

“என்னங்க, என்ன சொல்லுதா இவ? நீங்க வரவேண்டாமாமே? அந்தப் பிள்ளைகிட்ட அப்படி என்னத்தங்க கேட்டீக?” என்று பொன்செல்வி பதறினாள்.

பரமசிவன் போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டார். அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, ரெண்டே வார்த்தைதான், தினமும் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் பஸ்ஸுக்குள் சத்தம்போட்டுக் கேட்கிற வார்த்தைதான். கட்டின பெண்டாட்டியிடம் அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.